பெட்டிச் சீட்டில் எட்மன்டன் என்று இருந்தாலும் ரொறன்ரோவில் பெட்டியை எடுக்க வேண்டும்

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவர் எட்மன்டனில் வேலை. நிரந்தர வதிவிட விசா வந்துவிட்டது. 6 வயது மகளோடும் 14 மாத மகனோடும் முதல் தடவையாகக் கனடா போகிறார். கட்டுநாயக்கவிலிருந்து டுபாய், அங்கிருந்து ரொறன்ரோ, பிறகு உள்நாட்டு விமானத்தில் எட்மன்டன். எல்லாம் ஒரே டிக்கெட். ரொறன்ரோவில் இடைவெளி 2 மணி 10 நிமிடம். ஐந்து பெட்டி, ஒரு தள்ளுவண்டி. "பெட்டிகளை இங்கே கொடுத்தால் எட்மன்டனில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்படியென்றால் சுங்கம் எங்கே? இரண்டு பிள்ளைகளோடு தனியாகச் சமாளிக்க முடியுமா?" என்பதுதான் கேள்வி.

சமாளிக்கலாம். ஒவ்வொரு வாரமும் நம் பெண்கள் இப்படிப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அந்த 2 மணி 10 நிமிடம் உங்களுக்குப் போதாது. டிக்கெட் போட்டவரிடம் இன்றே சொல்லி, ரொறன்ரோவிலிருந்து அடுத்த விமானத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு நாட்டுக்குள் நுழைகிறீர்கள் என்றால், அந்த நாட்டில் முதலில் எந்த விமான நிலையத்தில் கால் வைக்கிறீர்களோ அங்கேதான் குடிவரவு. கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் பெரும்பாலும் சுங்கமும் அங்கேயே. டுபாய் உங்களுக்கு வெறும் இடைத்தங்கல். அந்த நாட்டுக்குள் நீங்கள் நுழைவதில்லை. விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து அடுத்த விமானத்தில் ஏறுகிறீர்கள். ஆகவே அங்கே விசாவும் இல்லை, சுங்கமும் இல்லை, பெட்டியும் உங்கள் கைக்கு வராது. ரொறன்ரோ அப்படியல்ல. நீங்கள் போகும் ஊர் எட்மன்டன் என்றாலும், கனடாவின் வாசல் உங்களுக்கு ரொறன்ரோதான்.

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கட்டுநாயக்கவில் பெட்டியில் ஒட்டும் நீளச் சீட்டில் எட்மன்டனின் மூன்றெழுத்துக் குறியீடு, ஒய்.இ.ஜி., பெரிதாக இருக்கும். கவுன்டரில் இருப்பவரும் "எட்மன்டன் வரைக்கும் போட்டிருக்கிறோம்" என்பார். அவர் சொல்வது உண்மை. ஆனால் அதன் பொருள், எட்மன்டன் வரைக்கும் புதிதாகச் சீட்டு ஒட்டத் தேவையில்லை என்பது மட்டுமே. ரொறன்ரோவில் பெட்டியைத் தொடத் தேவையில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. சில விமானங்களுக்கு அங்கே பெட்டியை எடுக்காமலே போகும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் விமானத்துக்கு அது உண்டா என்று கவுன்டரில் நேராகக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், எடுக்க வேண்டும் என்றே வைத்துக்கொண்டு, பெட்டிகள் சுற்றி வரும் பெல்ட்டுக்குப் போங்கள். எடுக்கத் தேவையில்லாத பெட்டிக்காகப் பெல்ட்டில் பத்து நிமிடம் நின்றால் நட்டமில்லை. எடுக்க வேண்டிய பெட்டியை விட்டுவிட்டுப் போனால் அது ரொறன்ரோவிலேயே கிடக்கும்.

எனக்கு இது நடந்தது. வெள்ளவத்தையில் டிக்கெட் போடும் ஓர் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்வதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, 7 வயதும் 3 வயதுமான என் பிள்ளைகளோடு போனபோது. இரண்டு தனித்தனி டிக்கெட்டைச் சேர்த்து ஒரே பயணம்போல் எனக்குக் கொடுத்திருந்தார்கள். மலிவாக வந்தது, நானும் கேட்கவில்லை. இடையில் மாறும் ஊர் வரைக்கும்தான் பெட்டிகளில் சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் பார்க்காமல், மாறிப் போகும் பயணிகளின் பாதையில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். பெட்டிகள் அங்கேயே பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருந்தன. சின்னவனின் பால்மா, உடுப்பு, காய்ச்சல் மருந்து எல்லாம் அதற்குள். நான்காம் நாள்தான் பெட்டிகள் வந்து சேர்ந்தன. பெட்டி இலக்கம் உள்ள சிறு துண்டையும் பிள்ளை எங்கோ போட்டுவிட்டான், அதனால் தேடுவதற்கே இரண்டு நாள் போனது. அந்த நான்கு நாளும் பிள்ளை சிணுங்கிய சிணுங்கல் இன்னும் காதில் இருக்கிறது. பிறகு இதே வேலையில் 17 வருடம் இருந்தபோது, பிள்ளைகளோடு வரும் ஒவ்வொரு தாயிடமும் நான் முதலில் கேட்டது, "பெட்டியை எந்த ஊரில் கையில் எடுக்கிறீர்கள்?" என்பதுதான்.

ஒரே டிக்கெட்டா, இரண்டா என்பதை நீங்களும் உறுதிசெய்யுங்கள். எட்மன்டன் வரைக்கும் ஒரே பதிவு இலக்கம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், டுபாய் விமானம் தாமதமாகி ரொறன்ரோவில் அடுத்ததைத் தவறவிட்டாலும் உங்களை இன்னொன்றில் ஏற்றுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பாரம் உங்கள் தலையில். உள்நாட்டு விமானத்தில் ஐந்து பெட்டிக்கும் புதிதாகக் காசும் கட்ட நேரலாம்.

உங்கள் பாதை நல்ல பாதை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன், மலிவு என்று வேறு பாதை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டில் லண்டன் வழியாகப் போக, விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் இடைத்தங்கல் விசா வேண்டும். பிராங்பேர்ட், பாரிஸ் போன்ற ஷெங்கன் நாட்டு (ஒரே விசா முறை உள்ள ஐரோப்பிய நாடுகள்) விமான நிலையங்களிலும் அப்படியே. கனடா விசா கையில் இருப்பவர்களுக்கு இரண்டிலும் விதிவிலக்கு உண்டு. அமெரிக்கா வழி என்றால் இன்னும் சிக்கல். கனடா போகும் வழியில் அங்கே இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும், குழந்தைக்கும் சேர்த்து. பெட்டியையும் பொதுவாக அங்கே எடுத்து, சுங்கம் தாண்டி, திரும்பக் கொடுக்க வேண்டும். சென்னையில் இறங்கி இன்னொரு டிக்கெட்டில் போகிறவர்கள், பெட்டியை எடுக்க வெளியே வருவதற்கே இந்திய விசா வேண்டும் என்பதை மறந்துபோகிறார்கள். கொழும்பிலிருந்து போகிறவர்களும் சரி, பலாலியிலிருந்து போகிறவர்களும் சரி, இதில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பெட்டிக்கு வருவோம். கனடாவுக்குப் பெரும்பாலும் நிறைக்கணக்கு இல்லை, பெட்டிக்கணக்குத்தான். டிக்கெட்டில் ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே எத்தனை பெட்டி என்று போட்டிருக்கும். மடியில் இருக்கும் குழந்தைக்கு வேறு கணக்கு, அதையும் பாருங்கள். ஒரு பெட்டி வழக்கமாக 23 கிலோ. கூடுதல் காசு கட்டினாலும் 32 கிலோவுக்கு மேல் ஒரே பெட்டியை எடுக்க மாட்டார்கள், தூக்குகிறவர்களின் முதுகு அதற்கு மேல் தாங்காது. நான் உங்களுக்குச் சொல்வது, ஐந்தை நான்காக்குங்கள். ரொறன்ரோவில் அந்தப் பெட்டிகளைப் பெல்ட்டிலிருந்து இறக்கப் போவது நீங்கள் ஒருத்திதான், அதுவும் ஒரு கையில் பிள்ளையோடு. குத்துவிளக்கும் இடியப்ப உரலும் பிறகு வரட்டும். பாட்டி காலத்துப் பழைய விளக்கு என்றால் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரிக்காமல் எடுத்துப் போகவே வேண்டாம்.

அடுக்கும்போது ஆளுக்கொரு பெட்டி என்று அடுக்காதீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று பேரின் உடுப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கட்டும். ஒரு பெட்டி பிந்தினால் மகன் மட்டும் மாற்றுடுப்பு இல்லாமல் நிற்கக் கூடாது. கையில் கொண்டுபோகும் பையில் இரண்டு நாளுக்கான பம்பர்ஸ், பால்மா, பனடோல் சிரப், பிள்ளைகளுக்கு இரண்டு மாற்றுடுப்பு, உங்களுக்கு ஒன்று, கதகதப்பான மேலுடுப்பு. நகை, பத்திரங்கள், வைத்தியர் எழுதிய மருந்துச் சீட்டு எல்லாம் அந்தப் பையில்தான். போனுக்கான பவர் பாங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்; பெட்டிக்குள் வைக்கத் தடை. மிளகாய்த்தூளைப் பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் பெரிய தூள் பொட்டலம் இருந்தால் சோதனையில் நிறுத்துவார்கள். குழந்தையின் பால்மாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 100 மில்லிலீற்றர் திரவக் கட்டுப்பாட்டிலும் குழந்தைக்கு வேண்டிய பாலுக்கும் தண்ணீருக்கும் விலக்கு உண்டு, சோதிக்கும்போது தனியே எடுத்துக் காட்ட வேண்டும். ஒரு வெறும் பிளாஸ்க்கும் வைத்துக்கொள்ளுங்கள், சுடுதண்ணீர் கேட்டால் விமானத்திலேயே தருவார்கள்.

டிக்கெட் போட்டவரிடம் இன்னும் சில வேலை வாங்க வேண்டும். பலர் இவற்றைக் கேட்பதே இல்லை. மகனுக்குத் தொட்டில் இருக்கை கேளுங்கள், அது முந்திக் கேட்டவருக்கே. தொட்டிலுக்கு நிறை வரம்பு உண்டு என்பதால் மகனின் நிறையையும் சொல்லுங்கள். மகளுக்கு சி.எச்.எம்.எல்., மகனுக்கு பி.பி.எம்.எல். என்ற உணவுக் குறியீட்டைப் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது எம்.ஏ.ஏ.எஸ். என்ற குறியீடு. தனியாகப் பிள்ளைகளோடு வருபவரை விமான நிலையத்தில் சந்தித்து உதவ ஆள் வேண்டும் என்று அதற்குப் பொருள். டுபாய்க்கும் ரொறன்ரோவுக்கும் தனித்தனியே போட வேண்டும். கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் கேட்டு வைத்தவருக்குக் கிடைக்க வழி இருக்கிறது. அருகருகே இருக்கை கேட்க வெட்கப்பட வேண்டாம். கனடாவுக்குப் போகும் விமானங்களில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தாய்க்கு அருகில் இருத்த, மேலதிகக் காசு வாங்காமல் நிறுவனம் முயல வேண்டும் என்பது 2019 முதல் அந்த நாட்டின் சட்டம்.

கட்டுநாயக்கவில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வழியனுப்ப வான் நிறைய ஆட்கள் வருவார்கள். அழுகையையெல்லாம் வீட்டிலேயே முடித்துக்கொள்வது பிள்ளைகளுக்கு நல்லது. வாசலில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதால் 6 வயதுப் பிள்ளை பயந்துபோகும், பிறகு உள்ளே நடக்கவே மாட்டாது. காலி வீதி நெரிசலைக் கணக்கில் எடுத்து, பேலியகொடையில் அதிவேகப் பாதை ஏறும் வரைக்கும் தாராளமாக நேரம் வைத்துப் புறப்படுங்கள். விமானத்துக்கு 4 மணி நேரம் முன்பு அங்கே இருந்தால் நல்லது.

பெட்டிச் சீட்டு ஒட்டும்போது கவுன்டரை விட்டு நகராதீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒய்.இ.ஜி. இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். சீட்டில் 10 இலக்க எண் ஒன்று இருக்கும். அதே எண் உள்ள சிறு துண்டை உங்களிடம் தருவார்கள், வழக்கமாகப் போர்டிங் பாசின் பின்பக்கத்தில் ஒட்டுவார்கள். அந்த இடத்திலேயே போனில் படம் எடுங்கள். பெட்டிகளையும் மூடிய நிலையில் ஒரு படம். புறக்கோட்டையில் பளிச்சென்ற ரிப்பன் கொஞ்சம் வாங்கி எல்லாக் கைப்பிடியிலும் கட்டிவிடுங்கள். கறுப்புப் பெட்டி நூறு சுற்றும்போது உங்களுடையதை மகளே காட்டித் தருவாள். எண்ணும் பொறுப்பையும் அவளுக்கே கொடுங்கள். பொறுப்புக் கொடுத்த பிள்ளை கையை விட்டு ஓடாது. தள்ளுவண்டியையும் எண்ணிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

தள்ளுவண்டியை விமான வாசல் வரைக்கும் கொண்டுபோக விடுவார்கள், ஆனால் அதற்கும் சீட்டு ஒட்ட வேண்டும். அது டுபாயில் வாசலில் கிடைக்குமா, நேரே அடுத்த விமானத்துக்குப் போகுமா என்று ஏறும்போது கேளுங்கள். பெரும்பாலும் போய்விடும் என்றே நினைத்து, மகனை உடம்போடு கட்டிக்கொள்ளும் துணித் தூளி ஒன்று வைத்திருங்கள். டுபாயில் இலவசத் தள்ளுவண்டிகள் உண்டு, கண்ணில் பட்டதும் ஒன்றை எடுங்கள். அங்கே திரும்பவும் பாதுகாப்புச் சோதனை இருக்கும். வேறொன்றும் இல்லை. தூரம் அதிகம், அடுத்த வாசல் எண்ணைத் திரையில் பார்த்து அங்கே போய்ச் சேர்ந்த பிறகு இளைப்பாறுங்கள். அந்த விமானத்தில் பதினான்கு மணித்தியாலத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும், ஏறும் முன்பே பிள்ளைகளைக் கொஞ்சம் ஓடியாட விடுங்கள்.

இனி ரொறன்ரோ. உங்களுக்கு 4 மணி நேரம் கேட்டது இதற்காகத்தான். சுற்றுலா விசாவில் வருகிறவருக்கு இயந்திரத்தில் பதிந்து, அதிகாரி ஒருவரிடம் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னால் முடிந்தது. நீங்கள் நிரந்தர வதிவிடத்துக்கு முதல் தடவை நுழைகிறீர்கள். முதல் அதிகாரி உங்களைக் குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்புவார். அங்கே வரிசை. நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரம் உங்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியே இருக்கும், மூன்றையும் கேட்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், வதிவிட அட்டை அனுப்புவதற்கு விலாசம் கேட்பார்கள். கணவரின் எட்மன்டன் விலாசம், தபால் குறியீட்டோடு, கடதாசியில் எழுதி இருக்கட்டும். போனில் மட்டும் வைத்திருந்து, போன் அணைந்துபோய் நின்றவர்களைத் தெரியும். இரண்டு விமானம் சேர்ந்து இறங்கிய நேரம் என்றால் இந்த ஒரு வேலைக்கே இரண்டு மணி நேரம் போய்விடலாம்.

இங்கே நம் பெயர் வைக்கும் முறையால் ஒரு கேள்வி வரும். உங்கள் கடவுச்சீட்டில் கடைசிப் பெயராக உங்கள் அப்பாவின் பெயர் இருக்கலாம், பிள்ளைகளின் கடவுச்சீட்டில் உங்கள் கணவரின் பெயர். குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கும் அதிகாரிக்கு, நீங்கள் இந்தப் பிள்ளைகளின் தாய்தானா என்ற ஐயம் எழுவது இயல்பு. கோபப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளைக் கடத்துவதைத் தடுப்பதற்காகத்தான் அப்படிக் கேட்கிறார்கள். இரண்டு பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், உங்கள் விவாகப் பதிவுச் சான்றிதழ், தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கிலப் பிரதி, இவ்வளவும் ஒரே கோப்பில் இருந்தால் ஒரு நிமிடத்தில் முடியும். கணவரிடமிருந்து, "என் மனைவி பிள்ளைகளோடு என்னிடம் வருவதற்குச் சம்மதம்" என்று சட்டத்தரணி முன்னிலையில் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். தகப்பனிடம்தானே போகிறோம், எதற்கு என்று தோன்றும். வாசலில் நிற்கும் அதிகாரிக்கு அது தெரியாது அல்லவா? கட்டுநாயக்கவில் கேட்டாலும் அதே கடிதம் உதவும். அதிகாரி மகளிடம் நேரே பேசினால் நீங்கள் குறுக்கே பதில் சொல்ல வேண்டாம். பெயரும், யாரிடம் போகிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தால் போதும்.

குடிவரவு முடிந்து வரும்போது உங்கள் விமானத்துப் பெல்ட் வெறுமையாக நிற்கலாம். பதற வேண்டாம். நேரமாகிவிட்டால் பெட்டிகளை இறக்கிப் பக்கத்தில் வரிசையாக வைத்துவிடுவார்கள். தள்ளுவண்டி பெரிய பொருட்களுக்கான தனி இடத்தில் வந்திருக்கலாம். மகள் எண்ணட்டும். பாரம் தூக்க, பக்கத்தில் நிற்கும் யாரையாவது கேளுங்கள், பிள்ளையோடு நிற்கும் தாய்க்கு மறுப்பவர் குறைவு.

அடுத்தது சுங்கம். புதிதாகக் குடியேறுகிறவர் தான் பாவித்த வீட்டுப் பொருட்களையும் நகையையும் தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். அதற்குப் பட்டியல் வேண்டும். கையோடு கொண்டுவருவது ஒரு பட்டியல், பிறகு வரப்போவது இன்னொன்று, ஒவ்வொன்றும் இரண்டு பிரதி. என்ன பொருள், ஏறத்தாழ எத்தனை கனடா டொலர் என்று எழுத வேண்டும். இந்த இரண்டாவது பட்டியலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மகளின் வீணையோ உங்கள் தையல் இயந்திரமோ அடுத்த வருடம் கப்பலில் வரட்டும் என்றால், முதல் நாளே அதில் எழுதிச் சுங்கத்தில் காட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு தீர்வை கேட்கலாம். நகைக்கு ஒவ்வொன்றாகப் படம், விவரம், மதிப்பு. தாலிக்கொடி, காப்பு, மகனின் இடுப்புச் சங்கிலி வரைக்கும். நீங்கள் அணிந்திருப்பதும் பட்டியலில் இருக்கட்டும். தனியொரு பொருளின் மதிப்பு 10,000 கனடா டொலரைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்குத் தீர்வை உண்டு. காசு 10,000 கனடா டொலரோ அதற்கு மேலோ இருந்தால் சொல்ல வேண்டும். கொண்டுவருவதற்குத் தடை இல்லை, சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

சாப்பாட்டுக்கும் அதே நியாயம்தான். உணவு கொண்டுவருகிறீர்களா என்ற கேள்விக்கு "ஆம்" என்று பதில் கொடுங்கள். முறுக்கு, பயத்தம் பணியாரம், தூள், ஊறுகாய், மாசி போன்றவற்றைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இறைச்சி வேண்டவே வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலை, விதை, மண் ஒட்டிய கிழங்கு, செடி எதுவும் வைக்காதீர்கள். அம்மா ஆசையாகப் பெட்டி ஓரத்தில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைச் செருகிவிடுவார், மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பாருங்கள். சொன்ன பொருளைக் கூடாது என்றால் எடுத்து எறிவார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் பிடிபட்டால் 1,300 கனடா டொலர் வரைக்கும் தண்டம் வரலாம். குடியேறும் முதல் நாளே அந்தப் பதிவு எதற்கு?

சுங்கம் தாண்டியதும், வெளியே போகும் கதவுக்குப் போகாமல், மாறிப் போகும் பயணிகளுக்கான பலகையைப் பாருங்கள். அங்கே பெட்டிகளைத் திரும்பக் கொடுக்கும் பெல்ட் இருக்கும். சீட்டு ஏற்கெனவே எட்மன்டனுக்கு இருப்பதால் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வார்கள். சீட்டு கிழிந்திருந்தால் அங்கேயே சொல்லுங்கள். பிறகு உள்நாட்டுப் பயணத்துக்குத் திரும்பவும் பாதுகாப்புச் சோதனை. விமானத்தில் கொடுத்த தண்ணீர்ப் போத்தல் இங்கே போகாது, குழந்தையின் பால் போகும். குடும்பங்களுக்கான வரிசை இருந்தால் அதில் நில்லுங்கள்.

ரொறன்ரோ பெல்ட்டில் ஒரு பெட்டி வராவிட்டால், விமானத்தைத் தவறவிடும் அளவுக்குக் காத்திருக்க வேண்டாம். அங்கிருக்கும் பெட்டிக் கவுன்டரில் சொல்லி, சீட்டு எண்ணைக் காட்டிப் பதிந்துவிட்டு, வராத பெட்டியைப் பற்றிச் சுங்கத்திலும் சொல்லிவிட்டு எட்மன்டனுக்குப் போங்கள். எட்மன்டனில் இறங்கியதும் முறையான முறைப்பாட்டுப் படிவத்தை எழுதி வாங்குங்கள். வெளியே கணவர் நிற்பார், பிள்ளைகள் அப்பாவிடம் ஓடத் துடிப்பார்கள். ஆனால் அந்தப் படிவ இலக்கம் கையில் இல்லாமல் வெளியே போகாதீர்கள். பிந்திய பெட்டிக்காக நீங்கள் வாங்கும் பம்பர்ஸ், உடுப்பு, பால்மா எல்லாவற்றின் பற்றுச்சீட்டையும் சேர்த்து வையுங்கள். விமான நிறுவனங்களின் பொறுப்பைச் சொல்லும் சர்வதேச மொன்றியல் உடன்படிக்கையின்படி, பெட்டி உடைந்திருந்தால் கையில் கிடைத்து 7 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், பிந்தி வந்தால் கிடைத்து 21 நாளுக்குள். 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கேட்கலாம். அந்த உடன்படிக்கையில் இழப்பீட்டின் உச்சம் 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஒரே டிக்கெட் என்றால் முதலில் ஏற்றிய நிறுவனத்திடமும் கேட்கலாம், கடைசியாக ஏற்றியதிடமும் கேட்கலாம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினால் அதை ஏற்க வேண்டியதில்லை.

கணவரின் சம்மதக் கடிதத்துக்குத்தான் நாள் எடுக்கும். எட்மன்டனில் சட்டத்தரணியிடம் நேரம் எடுத்து, கையெழுத்திட்டு, மூலப் பிரதியைக் கூரியரில் வெள்ளவத்தைக்கு அனுப்ப வேண்டும். இன்று இரவு அவரோடு பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். விமானம் மாற்றிய பிறகு புது டிக்கெட்டை எனக்கும் காட்டுங்கள், ரொறன்ரோ இடைவெளியையும் பெட்டிக் கணக்கையும் பார்த்துச் சொல்கிறேன்.